ஒரு கிரிவலத்தில் தொடங்கி 300 கிலோமீட்டர் வரை: மலைநடைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலைக்குப் போகிறேன் என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிலோமீட்டர்?" இதில் பாதிப் பேர் ஏமாந்துபோகிறார்கள். கோவைப் பக்கத்தில் ஏழு மலைகளைத் தாண்டி ஏறும் வெள்ளியங்கிரி ஒரு வழிக்கு ஆறு கிலோமீட்டருக்கு மேல் இருக்காது. மெரினாவில் அந்தத் தூரத்தை ஒன்றேகால் மணி நேரத்தில் நடந்துவிடலாம். அதே ஆள் வெள்ளியங்கிரியில் மூன்றாவது மலை தாண்டுவதற்குள் உட்கார்ந்துவிடுவார். மலையில் தூரத்துக்குப் பெரிய மதிப்பில்லை, நேரத்துக்குத்தான் உண்டு. அதுவும் உங்களுடைய நேரம், யூடியூபில் பார்த்தவருடையது அல்ல.

அந்த நேரத்தைக் கண்டுபிடித்து, அதை வைத்து வீட்டுக்குப் பக்கத்துக் குன்றிலிருந்து பல நாள் நடக்கும் நெடும்பாதை வரை எப்படிப் போவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மதுரைக்காரன் என்பதால் உதாரணங்கள் இந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். நெடும்பாதைக்கு மட்டும் கடல் தாண்டி இலங்கை மலையகம் வரை போகிறேன். காரணத்தை அங்கே சொல்கிறேன்.

முதல் படி: ஊர்க் குன்று

எந்த ஊருக்கும் ஒரு குன்று இருக்கும். எனக்கு கீழக்குயில்குடி சமணர் மலை. விடியற்காலையில் போனால் அய்யனார் கோயில் ஆலமரங்களில் பறவைச் சத்தம், தாமரைக் குளம், பாறையில் வெட்டிய படிகள், மேலே பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர்கள். ஏறி இறங்க ஒன்றரை மணி நேரம் போதும். மேலூர் பக்கம் அரிட்டாபட்டி இன்னொன்று. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். சுனைகள், பாண்டியர் குடைவரைக் கோயில், சமணர் படுகைகள் என்று மெதுவாகச் சுற்ற அரை நாள் பிடிக்கும்.

இந்தக் கட்டத்தில் உங்களுக்கு எந்தச் சாமானும் தேவையில்லை. இருக்கிற ஷூ, ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு தொப்பி. ஏப்ரல், மே என்றால் காலை ஒன்பதுக்குள் இறங்கிவிடுங்கள். வெறும் பாறைக் குன்று வெயிலில் தோசைக்கல்தான். கீழே காற்று எவ்வளவு சூடோ, பாறை அதைவிட அதிகமாகச் சுடும்.

வாரம் இரண்டு முறை, ஆறு வாரம் போய் வாருங்கள். ஒரே குன்றுக்கே போகலாம், அலுக்காது. சொல்லப்போனால் ஒரே குன்று என்பதுதான் நல்லது. நேற்றுக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியும்.

இரண்டாம் படி: உங்கள் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

1892-இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார். இன்றைய அளவில் சொன்னால், சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். உலகம் முழுக்க இன்றும் மலைநடைக்காரர்கள் இதை வைத்துத்தான் கணக்குப் போடத் தொடங்குகிறார்கள். ஆனால் அது குளிர் நாட்டில், நல்ல உடல்வாகுள்ள ஒருவர், நிற்காமல் நடப்பதற்கான கணக்கு. நம் வெயிலுக்கும் நம் காலுக்கும் அதை அப்படியே எடுத்துக்கொண்டால் இருட்டில் மாட்டிக்கொள்வோம்.

அதனால் ஒரு தடவை அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு நம்மிடம் அருமையான ஒரு பாதை இருக்கிறது: திருவண்ணாமலை கிரிவலம். 14 கிலோமீட்டர், ஏறக்குறைய சமதளம், வழியெல்லாம் டீக்கடை, தண்ணீர், விளக்கு. பௌர்ணமியன்று போகாதீர்கள். கூட்டத்தின் வேகம்தான் கிடைக்கும், உங்கள் வேகம் கிடைக்காது. சாதாரண ஒரு நாள், அதிகாலை நான்கு மணிக்கு ராஜகோபுரத்திலிருந்து கிளம்புங்கள். சாலையின் இடது ஓரமாக நடப்பது வழக்கம். மலைப்பக்கத்து ஓரம் சித்தர்கள் நடப்பதற்கு என்பார்கள். பின்னால் வரும் வண்டியிடம் மட்டும் சித்தர்களை நம்பாதீர்கள்.

இந்திர லிங்கம், அக்னி லிங்கம் என்று தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டையும் கடக்கும் நேரத்தை ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். போனில் வேண்டாம். போனை எடுத்தால் வேறு எதையாவது பார்ப்போம்.

நான் முதல் தடவை சுற்றி வர 3 மணி 55 நிமிடம் ஆனது. 235 நிமிடம். நெய்ஸ்மித் கணக்குப்படி 14 கிலோமீட்டருக்கு 168 நிமிடம். 235-ஐ 168-ஆல் வகுத்தால் 1.4. அதுதான் என் எண். நின்று கும்பிட்டது, அடி அண்ணாமலையில் டீ குடித்தது எல்லாம் அதற்குள் அடக்கம். கழிக்க வேண்டாம், மலையிலும் நிற்கத்தான் போகிறீர்கள். உங்களுக்கு 1.2 வரலாம், 1.8 வரலாம். எதுவானாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1.8 என்று தெரிந்தவர், 1.2 என்று நினைத்துக்கொண்டிருக்கும் 1.6-காரரைவிடப் பத்திரமாக வீடு திரும்புவார்.

இனி எந்தப் பாதையைப் பார்த்தாலும் இதே கணக்குத்தான். 14 கிலோமீட்டர் தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். 168 கூட்டல் 60, மொத்தம் 228 நிமிடம். அதை 1.4-ஆல் பெருக்கினால் 319. எனக்கு 5 மணி 20 நிமிடம். ஏற்றம் எவ்வளவு என்பதைச் சமஉயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) உள்ள வரைபடத்தில் பார்க்கலாம். கோடுகள் நெருங்கிக் கிடந்தால் செங்குத்து, தள்ளித்தள்ளி இருந்தால் சாய்வு. ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தை வைத்து இயங்கும் செயலிகளில் முன்கூட்டியே தரவிறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். நடக்கும்போது போனை ஃபிளைட் மோடில் வைத்தால் பேட்டரி நெடுநேரம் தாங்கும்.

மூன்றாம் படி: இறங்கக் கற்றுக்கொள்வது

எல்லோரும் ஏறுவதற்குத்தான் பயிற்சி எடுக்கிறார்கள். ஏறுவதில் மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்குவதில் முட்டி போகும், அது நின்றாலும் சரியாகாது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்க வேண்டியிருக்கிறது. அதில்தான் தசை இழைகள் அதிகம் சேதமாகும். அந்த வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்துக்கு வரும். ஒரு நாள் நடைக்குப் போய்விட்டு வீட்டில் படுத்துக்கொள்பவருக்கு இது பிரச்சினையே இல்லை. இரண்டாம் நாளும் நடக்க வேண்டியவருக்கு இதுதான் பெரிய பிரச்சினை.

இதைக் கற்றுக்கொள்ள கொல்லிமலையை விட்டால் வேறு இடம் இல்லை. 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, அரப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்திலிருந்து ஆகாய கங்கை அருவிக்குப் படியில் இறங்க வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், ஒன்றுபோல் ஒன்று இருக்காது. இங்கே எல்லாம் தலைகீழ். முதலில் இறக்கம், அப்புறம் ஏற்றம். சிரித்துக்கொண்டே கீழே போனவர்கள் மேலே வரும்போது படிக்கு ஒருவராக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

என் முதல் பாடமும் அங்கேதான். மதுரையில் ஒரு கடையில் புது ஷூ வாங்கினேன். முன்பக்கம் பிடிக்கிறதே என்றதற்கு, "போடப் போட இளகிடும் சார்" என்றார் கடைக்காரர். இளகவில்லை. ஒவ்வொரு படியிலும் கட்டைவிரல் ஷூவின் நுனியில் இடித்தது. அருவி தெரியும் முன்பே நகம் துடிக்கத் தொடங்கியது. வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு கட்டைவிரல் நகமும் கருநாவல் பழ நிறம். இரண்டு மாதத்தில் கழன்று விழுந்தது, புதிது முழுசாக வளர ஒரு வருடம் ஆனது.

அதனால் ஷூ பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சாயங்காலம் போய் வாங்குங்கள். பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். நடக்கப்போகும் அதே சாக்ஸைப் போட்டுக்கொண்டு போங்கள். கயிறு கட்டாமல் காலை முன்னுக்குத் தள்ளி நின்றால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். கடையில் சாய்தளம் இருக்காது. வாசல் படியில் விறைப்பாக இறங்கிப் பாருங்கள், விரல் முன்னால் இடித்தால் வேண்டாம். அடிப்பாகம் ஆழமான பள்ளங்களோடு இருக்கட்டும். கணுக்கால் மூடும் உயரமான பூட் கட்டாயமில்லை. விலையைப் பார்க்காதீர்கள், விரலைப் பாருங்கள்.

கயிறு கட்டுவதிலும் ஒரு வித்தை உண்டு. பல ஷூக்களின் மேல் விளிம்பில், மற்ற துளைகளைவிடச் சற்றுப் பின்தள்ளி, ஒரு கூடுதல் துளை இருக்கும். எதற்கென்று தெரியாமல் விட்டுவிடுவோம். கயிற்றை அதே பக்கத்திலேயே அந்தத் துளைக்குள் விட்டு ஒரு சின்ன வளையம் உண்டாக்குங்கள். இரண்டு பக்கமும் அப்படி. இப்போது வலது நுனியை இடது வளையத்துக்குள்ளும், இடது நுனியை வலது வளையத்துக்குள்ளும் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்துக் கட்டுங்கள். குதிகால் ஷூவோடு ஒட்டிக்கொள்ளும். இறக்கத்தில் கால் முன்னால் சறுக்காது. இறங்கத் தொடங்கும் முன் ஒரு நிமிடம் நின்று இப்படி மாற்றிக் கட்டியிருந்தால் என் நகம் தப்பித்திருக்கும். நகத்தை இரண்டு நாள் முன்பே ஒட்ட வெட்டிவிடுவதும் முக்கியம்.

கைக்கு ஒரு கம்பு. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் பூண்டியில் விற்கும் மூங்கில் கம்பு போதும், விலை கூடிய மடக்குக் கம்பு பிறகு வாங்கிக்கொள்ளலாம். இறங்கும்போது கம்பை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, பிறகு காலை வையுங்கள். காலை வைத்துவிட்டுக் கம்பை ஊன்றினால் அது அலங்காரம்.

நான்காம் படி: காட்டுக்குள் ஒரு நாள்

ஊர்க் குன்றுக்கும் காட்டுக்கும் பெரிய வித்தியாசம், காடு அரசாங்கத்தினுடையது. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்த காட்டுத்தீ யாருக்கும் மறந்திருக்காது. கோடையில் காய்ந்து நின்ற புல் சரிவில் தீ பரவி, மலையேறிக் கொண்டிருந்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு என்று தனி விதிகள் வந்தன.

தீ சரிவில் மேல்நோக்கி மிக வேகமாக ஓடும், மனிதனால் ஓடி முந்த முடியாது. பிப்ரவரி கடைசியிலிருந்து கோடை மழை விழும் வரை புல்வெளிச் சரிவுப் பாதைகளை விட்டுவிடுங்கள். பாதை திறந்திருந்தாலும் கூட.

முறையாகப் போக இப்போது எளிய வழி இருக்கிறது. வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கியது. இணையத்தில் பதிவு செய்யலாம். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூட வருவார்கள். பெரும்பாலும் அந்த மலையிலேயே பிறந்த பழங்குடி இளைஞர்கள். கட்டணம் கொஞ்சம் கூடுதல் என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று வாசனையில் சொல்லும் ஒருவர் முன்னால் நடப்பதற்கு அது அதிகமில்லை என்பது என் கருத்து. முதல் தடவை 'எளிது' என்பதையே எடுங்கள். அந்தச் சொல்லை நம்பி அல்ல, உங்கள் எண்ணால் பெருக்கிப் பார்த்து.

கொடைக்கானல், நீலகிரி போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் அங்கே தடை, எவர்சில்வர் பாட்டில் கொண்டு போங்கள். கொடைக்கானல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர், அப்புறம் வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறைக்கு இறங்கி ஏறுவது, இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம். குளிர்ப் பழக்கத்துக்கு நல்லது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். மதுரையில் 34 என்றால் கொடைக்கானலில் 21 பக்கம் இருக்கும். வேர்த்த பருத்திச் சட்டையோடு அந்தக் காற்றில் நின்றால் பத்து நிமிடத்தில் பல் கிட்டும். பருத்தி ஈரத்தை விடாது. சீக்கிரம் காயும் விளையாட்டுச் சட்டை ஒன்று, பையில் காய்ந்த சட்டை இன்னொன்று, மேலே ஒரு மழைக்கோட்டு.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர், வெயிலில் இன்னும் கூட. தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உப்பு குறைந்து தலை சுற்றும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, எல்லாம் தலை தட்டி. சாப்பாட்டுக்குப் புளிசாதம். எட்டு மணி நேரம் கெடாது, ஆறினாலும் ருசி. தயிர்சாதம் வெயிலில் பொங்கிவிடும். சட்டைப்பையில் கடலை மிட்டாய், மணிக்கு ஒன்று. பசி எடுத்த பிறகு சாப்பிட்டால் கால் மணி நேரம் தாமதம்.

திரும்பும் நேரத்தைக் கிளம்பும்போதே முடிவு செய்து, கூட வருபவரிடம் சத்தமாகச் சொல்லிவிடுங்கள். காலை 7-க்குக் கிளம்பி மாலை 4-க்குள் அடிவாரம் வர வேண்டும் என்றால் கையில் 9 மணி நேரம். பாதி நாலரை. 11.30 ஆனதும் எங்கே நின்றாலும் திரும்ப வேண்டும். உச்சி இருநூறு அடியில் தெரிந்தாலும். நம் ஊரில் சூரியன் ஆறே முக்காலுக்குள் விழுந்து, அடுத்த அரை மணியில் கண் தெரியாத இருட்டு வந்துவிடும். தலையில் கட்டும் விளக்கு பகல் நடைக்கும் பையில் இருக்கட்டும்.

ஆபத்துகளில் எதை அஞ்ச வேண்டும் என்பதிலும் நமக்குக் குழப்பம் உண்டு. சிறுத்தையை நினைத்துத் தூக்கம் வராது, ஓடையைப் பார்த்தால் பயமே இருக்காது. சதுரகிரி போன்ற மலைகளில் மேலே எங்கேயோ பெய்த மழை, நீங்கள் நிற்கும் இடத்தில் வெயிலடிக்கும்போதே ஓடையில் வெள்ளமாக வந்து நிற்கும். நிறம் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ கரையேறிவிடுங்கள். முட்டிக்கு மேல் ஓடும் நீரைக் கடக்க வேண்டாம், காத்திருந்தால் வடிந்துவிடும். ஏப்ரல், மே பிற்பகலில் இடி கேட்டால் உச்சியிலும் தனி மரத்தடியிலும் நிற்காமல் இறங்குங்கள். யானைப் பிண்டம் ஈரமாக ஆவி பறந்தால் வந்த வழியே திரும்புவதுதான் மரியாதை. கொடைக்கானலில் காட்டுமாடு சாலையிலேயே நிற்கும், சாதுவாக இருக்கிறதே என்று செல்ஃபிக்குப் போகாதீர்கள். பாம்பு கடித்தால் கீறவோ கட்டவோ வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், ஆளைத் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அட்டைக்கு மட்டும் பயப்படவே வேண்டாம், அருவருப்புத்தான். பிடித்து இழுக்காமல் நகத்தால் வாய்ப்பக்கம் தள்ளிவிட்டால் விழுந்துவிடும். புகையிலைத் தண்ணீரில் நனைத்த சாக்ஸில் அது ஏறாது.

இருதயக் கோளாறு, கட்டுப்படாத ரத்த அழுத்தம், மூச்சிரைப்பு உள்ளவர்கள் வெள்ளியங்கிரி மாதிரி செங்குத்து ஏற்றங்களைத் தவிர்க்க வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் அங்கே உயிரிழப்புச் செய்தி வருகிறது. இரவில் ஏறி விடியலைப் பார்க்க வேண்டும் என்ற அவசரத்தில் பாம்பாட்டிச் சுனையையும் கைதட்டிச் சுனையையும் ஓட்டமாகக் கடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மலை காலையிலும் அங்கேதான் இருக்கும்.

ஐந்தாம் படி: இரண்டு நாள் தொடர்ந்து

நெடும்பாதைக்கு முன் ஒரு பரீட்சை. சனிக்கிழமை 14 கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமையும் 14 கிலோமீட்டர், முதுகில் முழுப் பையோடு. பையின் எடை உங்கள் உடல் எடையில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. 63 கிலோ ஆளுக்கு 9 கிலோ, தண்ணீரோடு சேர்த்து. ஞாயிற்றுக்கிழமையின் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு 1.4 என்பது 1.55 ஆனது. நெடும்பாதைக்குத் திட்டம் போடும்போது இந்த இரண்டாவது எண்ணைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதில் நாம் யாரிடமும் போய்ப் புதிதாகக் கற்க வேண்டியதும் இல்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்களைப் பாருங்கள். பல நாள், பல பத்துக் கிலோமீட்டர், பாதிப் பேர் வெறுங்கால், பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள். அதிகாலை இரண்டு மூன்று மணிக்குக் கிளம்பி வெயில் ஏறும் முன் நாளின் பெரும்பகுதியை முடித்துவிடுகிறார்கள். நடுப்பகலில் காலைத் தூக்கிச் சுவரில் வைத்துப் படுக்கிறார்கள். ராத்திரி காலில் எண்ணெய் தேய்த்துக்கொள்கிறார்கள். வேகமாக நடக்கும் இளவட்டங்களை மூன்றாம் நாள் இந்தப் பெரியவர்கள் முந்திப் போவதை நத்தம் சாலையில் பார்த்திருக்கிறேன்.

கொப்புளம் திடீரென்று வருவதில்லை. முதலில் ஓர் இடம் சுடும். அந்த நிமிடமே நின்று, சாக்ஸைக் கழற்றி, வியர்வை துடைத்து, காகித டேப் ஒட்டிவிட்டால் கதை முடிந்தது. "அடுத்த நிறுத்தத்தில் பார்த்துக்கலாம்" என்றால் அடுத்த நிறுத்தத்தில் நீர் கோத்திருக்கும். வந்துவிட்டால் தோலை உரிக்காதீர்கள்.

ஆறாம் படி: பீக்கோ பாதை

இலங்கையின் மத்திய மலைநாட்டில் பீக்கோ பாதை (Pekoe Trail) என்று ஒன்று இருக்கிறது. கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி, கலஹா, லூல்கந்துர, கொட்டகலை, போகவந்தலாவ, ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. சுமார் 300 கிலோமீட்டர், 22 கட்டங்கள். வகுத்துப் பாருங்கள், ஒரு கட்டத்துக்குச் சராசரி 14 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு கட்டம், ஒரு கிரிவலம். அதனால்தான் இவ்வளவு நேரம் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பாதையில் பெரும்பகுதி புதிதாக வெட்டியதல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் தேயிலை மூட்டையை ஆலைக்கும் ரயிலுக்கும் கொண்டுபோகப் போட்ட தோட்டத்துச் சாலைகள். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் முதன்முதலில் வணிகத்துக்காகத் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர வழியாகவே பாதை போகிறது. அவர் பெயர் பலகையில் இருக்கிறது. காட்டை வெட்டி, கல்லை அடுக்கி, சாலை போட்டவர்கள் பெரும்பாலும் நம் பக்கத்திலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து போனவர்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே சாலைகளில் கூடையோடு நடக்கிறார்கள். காட்சியை மட்டும் பார்த்துவிட்டு வர முடியாத பாதை இது.

தமிழருக்கு இங்கே ஒரு வசதி, மற்ற நாட்டு நடைக்காரர்கள் யாருக்கும் இல்லாதது: தோட்டங்களில் வழியைத் தமிழில் கேட்கலாம். கொஞ்சம் சொற்கள் தெரிந்தால் போதும். தொழிலாளர் வரிசை வீடு லயம். பறிக்கும் இலை கொழுந்து. தூரம் கேட்டால் "ரெண்டு கட்டை" என்பார்கள், இரண்டு மைல் என்று அர்த்தம், கிலோமீட்டர் என்று நினைத்து ஏமாந்தவன் நான். பால் இல்லாத தேநீர் பிளேன்டி. "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்காமல், "நீங்க நடந்தா எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேளுங்கள். சொன்னதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். அந்தச் சரிவில் தினமும் நடப்பவரின் எண் ஒன்றுக்கும் கீழே.

லயத்துக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள், அது வீடு. கொழுந்து எடுக்கும் நேரத்தில் பெண்களை நிறுத்திப் படத்துக்குச் சிரிக்கச் சொல்லாதீர்கள், பறித்த எடை குறைந்தால் அவர்கள் சம்பளம் குறையும்.

எப்போது போவது? மேற்கு மலைச்சரிவுகளுக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்லது. மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும், அக்டோபர், நவம்பரில் பிற்பகல் தோறும் மழை. மழை நனைப்பதோடு நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது இந்த மலையகம் முழுக்க மண்சரிவு. சாலை, ரயில்பாதை, ஊர்கள் எல்லாம் அடிபட்டன. அதனால் எந்தக் கட்டம் திறந்திருக்கிறது, அனுமதி, கட்டணம் என்ன என்பதைப் பாதையின் இணையதளத்தில் பார்த்துவிட்டு, தங்கப்போகும் இடத்துக்காரரிடமும் ஒருமுறை கேட்டுவிட்டே டிக்கெட் எடுங்கள்.

முதல் தடவையே 22 கட்டமும் வேண்டாம். மூன்று கட்டம் போதும். ஹந்தானையில் தொடங்கினால் கண்டியில் இரண்டு நாள் தங்கிக் காலைப் பழக்கலாம். காலை ஆறுக்குக் கிளம்பி, மதியம் ஒரு மணிக்குள் கட்டத்தை முடித்துவிட்டால் பிற்பகல் மழைக்கு முன் கூரைக்குள் போய்விடலாம். கட்டங்களின் முடிவில் தங்கும் வீடுகள் எல்லா இடத்திலும் இருக்காது. முந்தின நாளே பேசி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ பக்கத்து ஊருக்குப் போய் மறுநாள் அதே இடத்துக்குத் திரும்பி வர வேண்டும். அப்படிச் செய்வதில் தப்பொன்றும் இல்லை. பை இலேசாகும்.

டிசம்பர் பௌர்ணமி முதல் மே பௌர்ணமி வரையிலான காலத்தில் போனால் ஓர் இரவைச் சிவனொளிபாத மலைக்கு ஒதுக்குங்கள். 2,243 மீட்டர், ஹட்டன் பக்கத்து வழியில் சுமார் 5,500 படி. பௌத்தர்களுக்குப் புத்தர் பாதம், நமக்குச் சிவன் பாதம், முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் ஆதாம் பாதம். கொல்லிமலையில் கற்ற இறக்கப் பாடம் அத்தனையும் அங்கே தேவைப்படும். இதையும் முடித்து இன்னும் நீளம் வேண்டும் என்பவர்களுக்கு யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாக, குமன, யால காடுகள் வழியே கதிர்காமம் வரை நடக்கும் பாதயாத்திரை இருக்கிறது. வாரக்கணக்கில் போகும் நடை. அதற்கு வழிகாட்டி எழுதும் தகுதி எனக்கில்லை, நான் நடந்ததில்லை.

ஒவ்வொரு நாள் முடிவிலும் மூன்று வேலை. ஷூவுக்குள் பழைய பேப்பரைத் திணியுங்கள், விடிவதற்குள் ஈரம் இழுத்துவிடும். சாக்ஸைத் துவைத்துத் தொங்கவிடுங்கள், காயாவிட்டால் மறுநாள் பையின் வெளியே ஊசி குத்தி மாட்டி நடங்கள். அப்புறம் நோட்டை எடுத்து அன்றைய எண்ணை எழுதுங்கள், பக்கத்தில் காரணத்தையும்.

என் நோட்டில் மூன்றாம் நாளுக்கு இப்படி இருக்கிறது: "1.9. மழை அரை மணி. அட்டை நான்கு. ஒரு லயத்து வாசலில் பாட்டி ஒருத்தர் 'எந்த ஊரு தம்பி?' என்றார். மதுரை என்றேன். அவங்க தாத்தாவும் மதுரைப் பக்கம்தானாம், ஊர் பெயர் தெரியாதாம். பிளேன்டி மூன்று கிளாஸ்."